அடி விழும் முன்பே மருந்து

தண்டுவடத்தை நசுக்கிக்கொள்ள மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் வழிகளைப் பார்த்தால் எந்த விஞ்ஞானிக்கும் எரிச்சல்தான் வரும். ஒருவர் பனைமரத்திலிருந்து விழுகிறார். இன்னொருவர் பைக்கோடு லாரிக்கடியில் போய்ச் சொருகுகிறார். அமெரிக்கர் என்றால் ஆழமில்லாத நீச்சல் குளத்தில் தலைகீழாகப் பாய்கிறார், இல்லாவிட்டால் துப்பாக்கிக் குண்டை முதுகில் வாங்குகிறார். ஒருவருக்குக் கழுத்தில் அடி, ஒருவருக்கு இடுப்புக்கு மேலே. கூடவே விலா முறிவு, மண்டையில் ரத்தக்கசிவு, சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை. ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், இன்னொருவர் மறுநாள் வருகிறார். ஒழுங்கு என்பதே கிடையாது. இவர்களை வைத்துக்கொண்டு எந்த மருந்தைச் சோதிப்பது?

அதனால்தான் எலியம்மா அவதரித்தார்.

ஆய்வகத்துக்கென்றே வளர்க்கப்பட்ட வெள்ளை எலி, ஸ்ப்ரேக்-டாலி வம்சம். வயது ஒன்று, எடை ஒன்று, தீனி ஒன்று, ஏறக்குறையப் பாட்டியும் ஒன்று. மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, முதுகு ரோமத்தை மழித்து, தோலைக் கீறி, முள்ளெலும்பின் கூரையைச் சின்னக் கொறடால் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தால் உள்ளே தண்டுவடம் பளபளவென்று கிடக்கும். அதற்கு நேர் மேலே 10 கிராம் எடையுள்ள கம்பி ஒன்று நிற்கும். 12.5 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் லேசான காயம், 25 என்றால் நடுத்தரம், 50 என்றால் பலத்த காயம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உருவான கருவி. கம்பி என்ன வேகத்தில் இறங்கியது, தண்டு எவ்வளவு அமுங்கியது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். உலகத்தில் வேறு யாருக்கும் இத்தனை மரியாதையோடு முதுகு உடைக்கப்பட்டதில்லை.

இந்தக் கலைக்கு வயது நூறுக்கு மேல். பிலடெல்பியாவின் நரம்பியல் மருத்துவர் ஆல்ஃப்ரெட் ரெஜினால்ட் ஆலன் 1911-லேயே நாய்களின் தண்டுவடத்தின்மேல் குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துவிட்டார். அவர் கண்டது முக்கியமான விஷயம். அடி விழுந்த நொடியில் சாகும் நரம்புகள் ஒரு பங்கு. அதற்குப் பிறகு மணிக்கணக்காக, நாள்கணக்காக, காயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து, வீங்கி, ரத்தக்குழாய் சுருங்கி, நல்ல செல்களும் வரிசையாகச் சாகின்றன. அந்த முதல் சாவை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவதைத் தடுக்கலாம் அல்லவா? அந்த ‘அல்லவா’வின்மேல்தான் இன்றுவரை மருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறது. கேள்வியில் தவறே இல்லை. பதிலை எழுதி வைத்த அழகைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எலியம்மா என்று சும்மா சொல்லவில்லை. தண்டுவட ஆய்வகங்களில் பெரும்பாலும் பெண் எலிதான். அடிபட்ட மனிதர்களிலோ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். ஏன் இப்படி என்று கேட்டால் ஹார்மோன், மரபணு என்று ஏதாவது பெரிய காரணம் வரும் என்று நினைப்பீர்கள். காரணம் மூத்திரம். தண்டுவடம் அடிபட்டதும் எலிக்குச் சிறுநீர் தானாகப் போகாது. யாராவது கையால் அமுக்கி எடுக்க வேண்டும். ஆண் எலியின் சிறுநீர்க்குழாய் நீளமும் வளைவும் கொண்டது, எளிதில் இளகிக் கொடுக்காது. பெண் எலிக்குச் சுலபம். ஆகவே ஆண்களின் நோய்க்கு அம்மணி ஆஜர்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். செய்வது பெரும்பாலும் ஓர் ஆராய்ச்சி மாணவி. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, சில இடங்களில் ராத்திரியும் ஒருமுறை. இடது கையில் எலியைத் தாங்கிப் பிடித்து, வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அடிவயிற்றில் வைத்துத் தேடுகிறார். நிறைந்த பை கோலிக்குண்டு போல விரலில் தட்டுப்படும். மெல்ல அழுத்தி, வாலுக்குப் பக்கமாகத் தள்ளினால் துணியில் ஈரம் பரவும். அது வெளுப்பா, கலங்கலா, ரத்தமா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அதிகம் அழுத்தினால் பை கிழிந்துவிடும். குறைவாக அழுத்தினால் கிருமி சேர்ந்து சிறுநீரகம் போய்விடும். பத்துப் பதினைந்து நாளில் அனிச்சையாகப் போகத் தொடங்கும்வரை ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. இந்தத் துறையில் கட்டுரையின் கடைசிப் பெயராக நிற்கும் பேராசிரியருக்குத் தெரியாத பல சங்கதிகள் அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியும். எந்த எலி தேறும், எது தேறாது என்று அந்தப் பிள்ளை மூன்றாம் நாளே சொல்லிவிடும். யாரும் கேட்பதில்லை.

மருந்து எப்போது போகிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல ஆய்வுகளில் அடி விழுந்த சில நிமிடங்களில் மருந்து போய்விடுகிறது. தையல் போடும் முன்பே ஊசி. சில ஆய்வுகளில் இன்னும் ஒருபடி மேலே போய், அடி விழும் முன்பே மருந்து. நாளைக் காலை பத்தரை மணிக்கு லாரி வந்து மோதப் போகிறது என்று இன்று ராத்திரியே தெரிந்து வைத்திருக்கும் நோயாளிகளுக்கு அற்புதமான சிகிச்சை. அப்படிப்பட்டவர் யாராவது இருந்தால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம் என்று ஆலோசனை சொல்ல எம்.டி. பட்டம் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

சரி, எலியம்மா தேறினாரா என்று எப்படித் தெரியும்? 1995-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹான் மூவரும் ஒரு மார்க் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பூஜ்யம் என்றால் பின்னங்காலில் அசைவே இல்லை. 21 என்றால் வால் தூக்கி, பாதம் நேராக ஊன்றி, நான்கு காலும் இசைந்து ராஜநடை. வட்டமான, தாழ்ந்த சுவருள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் எலியை விட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் குனிந்து நின்று நான்கு நிமிடம் பார்த்து மார்க் போட வேண்டும். 9 மார்க் என்றால் பாதம் ஊன்றி உடலைத் தாங்கி நிற்கிறது. 10 என்றால் எப்போதாவது ஓர் அடி வைக்கிறது. 11 என்றால் அடிக்கடி வைக்கிறது, ஆனால் முன்னங்காலும் பின்னங்காலும் ஒத்துழைக்கவில்லை. உழைப்பும் நுணுக்கமும் கொண்ட அளவுகோல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெற்று மருந்து (உள்ளே மருந்தே இல்லாத ஊசி) வாங்கிய கூட்டத்தின் சராசரி 9-லும் மருந்துக் கூட்டத்தின் சராசரி 11-லும் நின்றால் மறுநாள் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும் என்று உங்களுக்குத் தெரியும்: ‘முடங்கியவர் நடந்தார்!’ எலி என்ற வார்த்தை மூன்றாம் பத்தியில் வரும், அதுவும் இடம் இருந்தால்.

நடப்பதுதான் எல்லாம் என்று யார் சொன்னது? தண்டுவடம் அடிபட்டவர்களையே கேட்டுப் பார்த்தார் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர். அவரே அந்தக் காயத்தோடு வாழ்பவர். 681 பேர் பதில் சொன்னார்கள், 2004-இல் வெளியானது. கழுத்தில் அடிபட்டுக் கையும் காலும் போனவர்கள் முதலில் கேட்டது கையை. இடுப்புக்குக் கீழே போனவர்கள் முதலில் கேட்டது தாம்பத்திய உறவை. மூத்திரமும் மலமும் தன் கட்டுப்பாட்டில் வர வேண்டும் என்பது இரு தரப்பிலும் மேலே நின்றது. ஒரு ஸ்பூனைத் தானே பிடித்துச் சாப்பிட வேண்டும் என்று ஒரு மனிதர் கேட்கிறார். அவருக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தொட்டியில் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பின்னங்காலைப் பார்ப்பது சுலபம். மேலும் அது படத்தில் நன்றாக விழும். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே முடங்கினார் அல்லவா, அவரை 2000-ஆம் ஆண்டு ஒரு முதலீட்டுக் கம்பெனி தன் விளம்பரத்தில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸால் எழுந்து நடக்க வைத்தது. நிஜமாகவே குணமாகிவிட்டாரா, எங்கே போனால் இந்த வைத்தியம் கிடைக்கும் என்று முடங்கியவர்கள் வீடுகளிலிருந்து விசாரிப்புகள் வந்தன. யாருடைய காலை வைத்து யார் பணம் பண்ணலாம் என்பதற்கு வரம்பே இல்லை.

இப்போது மேஜை டிராயரைத் திறப்போம்.

ஒரு ஆய்வகத்தில் மருந்து வேலை செய்தால் அது கட்டுரை. செய்யாவிட்டால் டிராயர். இதில் சதி எதுவும் தேவையில்லை. ஜர்னலுக்குச் சுவாரசியம் வேண்டும், மானியத்துக்குக் கட்டுரை வேண்டும், மாணவிக்குப் பட்டம் வேண்டும், கைடுக்குப் பதவி உயர்வு வேண்டும். நாற்பது எலியின் முதுகை உடைத்து, இரண்டு மாதம் மூத்திரம் எடுத்து, கடைசியில் கொன்று, தண்டுவடத்தை மைக்ரோன் கணக்கில் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஏற்றிப் பார்த்து, ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று கண்டுபிடித்தால் அது யாருக்கு வேண்டும்? அடுத்த ஊரில் இன்னொருவர் அதே மருந்துக்கு நாற்பது எலி வாங்குகிறார். அவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கும் ஒரு டிராயர். ஐந்தாவது ஊரில் தற்செயலாக இரண்டு மார்க் கூடிவிடுகிறது. கட்டுரை! உலகத்தில் அந்த மருந்தைப் பற்றி இருக்கும் ஒரே கட்டுரை!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் நம் அரசியல்வாதிகள்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் விஞ்ஞானிகளைக் குறைவாக மதிப்பிட்டிருக்கிறீர்கள்.

மறைந்த காய் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட வழி இருக்கிறது. வெளியான ஆய்வுகளின் பரவலை வைத்து, வெளிவராதவை எவ்வளவு இருக்கும் என்று புள்ளியியல் மூலம் ஊகிக்கலாம். நரம்பு வளர்வதைத் தடுக்கும் ‘ரோ’ என்ற புரதத்தை முடக்கும் மருந்துகளுக்கு இப்படிச் செய்து 2014-இல் வெளியிட்டார்கள். அச்சில் வந்த ஆய்வுகளைக் கூட்டினால் எலிகளின் நடை 21% மேம்பட்டது. டிராயரில் இருப்பவற்றை ஈடுகட்டினால் அது 15%-ஆக இறங்கியது. அதே குடும்பத்து மருந்து ஒன்றை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2018-இல் பாதியில் நிறுத்தப்பட்டது; மேற்கொண்டு நடத்திப் பயனில்லை என்று இடைக்கணக்கிலேயே தெரிந்துவிட்டது. எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெற்று நீர் என்று மார்க் போடுபவருக்குத் தெரியாமல் மறைத்தார்களா, எந்த எலிக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களா என்றுகூடப் பல கட்டுரைகளில் எழுதியிருக்காது. பரீட்சையில் தன் பிள்ளைக்குத் தானே பேப்பர் திருத்தும் வாத்தியார் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் நம்புவானா?

இனி மெத்தில்பிரெட்னிசோலோன் மகாத்மியம்.

இது ஒரு ஸ்டீராய்டு. தண்டுவடக் காயத்துக்கு இதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்காவின் முதல் பெரிய சோதனை 1984-இல் வெளியானது. நாஸ்கிஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பிராக்கன் தலைமை. அதிக டோஸுக்கும் குறைந்த டோஸுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதிக டோஸ்காரர்களுக்குப் புண்ணில் சீழ் பிடித்ததுதான் கூடுதல். வேறு வியாபாரமாக இருந்தால் கடையைக் கட்டியிருப்பார்கள். இங்கே பூனைகள் கைகொடுத்தன. டோஸ் போதவில்லை, கிலோவுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்று பூனைகளின் தண்டுவடம் சொன்னதாம். பூனையின் வாக்கைக் கேட்டுச் சொன்னதில் முன்னணியில் நின்றது அந்த மருந்தை விற்ற அப்ஜான் கம்பெனியின் ஆய்வகம். பூனைக்குக் கொண்டாட்டமா திண்டாட்டமா என்று யாரும் கேட்கவில்லை, கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

இரண்டாவது சோதனையில் 487 பேர். முதலில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், பிறகு 23 மணி நேரம், கிலோவுக்கு மணிக்கு 5.4 மில்லிகிராம் வீதம். 70 கிலோ ஆளுக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 11 கிராம் ஸ்டீராய்டு. முடிவு 1990-இல் வந்தது. எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் வித்தியாசம் இல்லை. கூட்டிப் பார்த்தால்தானே? வெட்டிப் பார்த்தார்கள். 8 மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களை மட்டும் தனியே எடுத்தால், ஸ்டீராய்டும் வெற்று மருந்துமாகச் சுமார் 130 பேர், அதில் ஸ்டீராய்டுக்காரர்களுக்குத் தசை வலுவில் 70 மார்க்குக்கு ஏறக்குறைய 5 மார்க் கூடுதல். அந்த 70-ம் உடம்பின் வலது பக்கத்துக்கு மட்டும். இடது பக்கத்தையும் அளந்தார்கள். அச்சுக்கு வந்தது வலது. 8 மணி நேரத்துக்குப் பிறகு ஸ்டீராய்டு வாங்கியவர்கள் வெற்று மருந்து வாங்கியவர்களைவிட மோசமாகத் தேறினார்கள் என்பது பிறகு வந்த சேதி. 8 என்ற கோடு ஏன், 6 ஏன் இல்லை, 10 ஏன் இல்லை என்று விமர்சகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேகத்தில் குறை இல்லை. கட்டுரை அச்சாகிச் சக மருத்துவர்கள் படித்துப் பார்க்கும் முன்பே, அவசரச் சிகிச்சை மருத்துவர்களுக்கு அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம் தகவல் அனுப்பிவிட்டது. அடுத்த நாளிலிருந்து அது ‘நிலையான சிகிச்சை’. ஒருமுறை அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் அந்த மருந்துக்குச் சாகாவரம். மூன்றாவது நாஸ்கிஸ் 1997-இல் 499 பேரோடு வெளியானது. அதில் வெற்று மருந்து வாங்கிய கூட்டமே இல்லை. ஏன்? இவ்வளவு நல்ல மருந்தை ஒருவருக்கு மறுப்பது அறமாகுமா? எல்லோருக்கும் ஸ்டீராய்டு, 24 மணி நேரமா 48 மணி நேரமா என்பதுதான் முக்கியக் கேள்வி. 48 மணி நேரம் வாங்கியவர்களுக்குக் கடும் நிமோனியாவும் ரத்தத்தில் கிருமித் தொற்றும் கூடின. அறத்துக்குப் பங்கம் வரவில்லை.

2006-இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர்களைக் கேட்டார்கள். சுமார் 90% பேர் ‘கொடுக்கிறோம்’ என்றார்கள். நோயாளி தேறுவார் என்று நம்பிக் கொடுக்கிறீர்களா என்றால், ‘ஆம்’ என்றது கால்வாசிப் பேர். மீதிப் பேர்? ஆஸ்பத்திரி விதி, வக்கீல் பயம். ஆக, மருந்து ஒரு வியாதியைத் தடுத்தது உண்மை. அந்த வியாதி வழக்கு. நோயாளியின் நரம்பில் ஏறியது டாக்டரின் இன்சூரன்ஸ் பிரீமியம்.

அதற்கிடையில் 2004-இல் லண்டனிலிருந்து வேறொரு கணக்கு வந்திருந்தது. தலையில் அடிபட்டவர்களுக்கு அதே ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த கிராஷ் சோதனை. பல நாடுகளில், 10,008 பேர். பல ஆண்டுகளாக ‘கொடுத்தால் நல்லது’ என்று உலகம் முழுக்கக் கொடுத்து வந்த மருந்து. இரண்டு வாரத்தில் ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 21.1% பேர் இறந்திருந்தார்கள். வெற்று மருந்து வாங்கியவர்களில் 17.9%. நூற்றுக்கு மூன்று பேர். தண்டுவடமும் தலையும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்லெண்ணத்தில் கொடுக்கும் ஊசி ஆளைக் கொல்லாது என்று இன்னமும் நம்புகிறவர்கள் அந்த மூன்று பேரின் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லட்டும்.

2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் ‘தண்டுவடக் காயத்துக்கு இதைக் கொடுக்காதீர்கள்’ என்று எழுதின. 2017-இல் இன்னொரு சர்வதேச அமைப்பு ‘8 மணி நேரத்துக்குள் என்றால் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்’ என்று எழுதியது. கால் நூற்றாண்டில் நாம் கற்றுக்கொண்டது: யோசிக்கலாம்.

இதில் எலியம்மாவின் தப்பு எங்கே? 2009-இல் சிலர் உட்கார்ந்து இந்த ஸ்டீராய்டை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த 62 ஆய்வுகளைத் திரட்டிப் படித்தார்கள். 34 சதவீதத்தில் பலன் தெரிந்தது. 58 சதவீதத்தில் பலன் இல்லை. மீதியில் இதுவுமில்லை அதுவுமில்லை. அதாவது எலியும் பூனையும் நாயும் ஆரம்பம் முதல் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அவை பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவில்லை, பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. முதுகை உடைத்துக் கேட்ட கேள்விக்கு முதுகு உடைந்த நிலையிலும் சரியான பதிலைச் சொல்லிவிட்டுச் செத்தன. இந்த விவகாரம் முழுவதிலும் யோக்கியமாக நடந்துகொண்ட ஒரே தரப்பு அதுதான்.

இல்லை, இன்னொரு தரப்பும் உண்டு. டாக்ஸ்ஹண்ட் என்று நீள முதுகும் குட்டைக் காலுமாக ஒரு நாய்ச்சாதி. இவற்றுக்கு முதுகெலும்புச் சில்லு தானாகவே பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிடும், கம்பி தேவையில்லை. இப்படி முடங்கி மருத்துவமனைக்கு வந்த வளர்ப்பு நாய்கள் 63-ஐ வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள், சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள், யாருக்கு எது என்று பார்ப்பவர்களுக்கு மறைத்தார்கள், வெற்று மருந்தும் இருந்தது. ஸ்டீராய்டால் பலன் இல்லை என்று 2016-இல் அச்சிலும் போட்டார்கள். வீட்டு நாய்க்குக் கிடைத்த ஒழுங்கு, மூன்றாவது நாஸ்கிஸில் படுத்திருந்த 499 மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

சந்தேகம் வந்த நல்லவர்களும் இருந்தார்கள், மறைக்கக் கூடாது. அமெரிக்க நரம்பியல் நோய்களுக்கான தேசிய நிறுவனம் 2003-இல் மூன்று பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து ஒரு வேலை சொன்னது: பத்திரிகைகளில் கொண்டாடப்பட்ட தண்டுவடச் சிகிச்சைகளை எடுத்து, அதே எலி, அதே அடி, அதே டோஸில் திரும்பச் செய்து பாருங்கள். அர்வைன், மயாமி, ஓஹியோ. பல ஆண்டு, பல ஆயிரம் கட்டைவிரல் அமுக்கல். 2012-இல் ஓர் ஆய்விதழ் தன் சிறப்பிதழாகவே அந்த முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானவை திரும்ப நடக்கவில்லை. மூல ஆய்வுகளைச் செய்தவர்கள் பதிலுக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்கள் கையில் வேலை செய்தது. கைராசி! ஜோசியக்காரரும் நாட்டு வைத்தியரும் இதைச் சொன்னால் பகுத்தறிவு மேடையில் கிழிக்கிறோம்.

என்னை உண்மையாகவே கொதிக்க வைப்பது வேறு. 1990-களில் அமெரிக்காவில் பல ஆய்வகங்கள் சேர்ந்து, அந்த 10 கிராம் கம்பியை வைத்தே, எலிகளில் பெரிய அளவில் மருந்துச் சோதனை நடத்தின. ஒவ்வொரு எலிக்கும் அறுவை நேரத்து ரத்த அழுத்தம் முதல் நடை மார்க் வரை எழுதி வைத்தார்கள். மருந்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை, ஆகவே காகிதங்கள் பெட்டிக்குள் போயின. சுமார் இருபது ஆண்டு கழித்து சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆடம் ஃபெர்கூசன் குழுவினர் அந்தக் கணக்கை எடுத்துப் புதிய முறையில் அலசினார்கள், 2015-இல் வெளியிட்டார்கள். அடிபடும் நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்த எலிகள் மோசமாகத் தேறியிருந்தன. மருந்தைவிட அதன் பாதிப்பு பெரிதாக இருந்தது. தண்டுவடம் அடிபட்டவரின் ரத்த அழுத்தத்தை உயர்த்தி வைப்பதுதான் இத்தனை காலமும் ஐ.சி.யூ. வழக்கம். எவ்வளவு உயர்த்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தப் பெட்டி அப்போதே ஒரு கேள்வியைக் கேட்க வைத்திருக்கும். பெட்டியைத் திறக்க ஆள் இல்லை. அந்த இருபது ஆண்டில் உலகமெங்கும் எத்தனை லட்சம் பேர் கழுத்தில் காலரோடு அந்தப் படுக்கைகளில் கிடந்தார்கள்! மலையைக் கெல்லி எலியைப் பிடித்தார்கள் என்று கேலி செய்வோம். இவர்கள் எலியையும் பிடித்து, அது சொன்ன பதிலையும் எழுதி வாங்கி, திரும்ப மலைக்கடியிலேயே புதைத்தார்கள்.

விலங்குகளை வதைக்கிறார்கள் என்று கண்ணீர் விடும் கூட்டத்தில் நான் இல்லை. கழுத்து முறிந்து படுத்த பிள்ளைக்கு மருந்து கிடைக்குமென்றால் எலி சாகட்டும் என்று சொல்லும் அளவுக்குக் கல்நெஞ்சம் எனக்கும் உண்டு. ஆனால் கொன்ற பிறகு கணக்கில் எழுதாமல் விடுவதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள். கசாப்புக் கடைக்காரர்கூட வெட்டியதை எடைபோட்டுத்தான் கொடுக்கிறார்.

மனிதர்கள்மேல் செய்யும் மருந்துச் சோதனையை முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று பெரிய மருத்துவ இதழ்கள் 2005 முதல் கேட்கின்றன. இந்தியாவிலும் 2009 ஜூன் முதல் அது கட்டாயம். பிறகு முடிவு கசந்தாலும் சோதனை நடந்ததையே மறைக்க முடியாது. விலங்குச் சோதனைக்கும் அதே மாதிரி பதிவேடு வந்துவிட்டது. நெதர்லாந்தில் 2018-இல் ஒன்று, ஜெர்மனி அரசின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் இன்னொன்று. எத்தனை எலி, எந்த மருந்து, எந்த நிமிடம், எதை அளக்கப் போகிறோம் என்று கம்பியைத் தூக்கும் முன்பே எழுதிவைத்துவிடலாம். அரை மணி நேர வேலை. போட்டியாளர் திருடிவிடுவார் என்ற பயமா? சில ஆண்டுகளுக்கு யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைக்கவும் வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். பைசா செலவில்லை. கட்டாயம் மட்டும் இல்லை.